சட்டியில் தங்கிய எண்ணெய்

சென்றாயனின் ரத்தத்தில் பால் மிதந்தது.

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்து மாடியில் ரத்தம் பார்க்கிற இடம். அங்கே வேலை செய்கிற கங்கப்பன் சுழலும் மிஷினிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் ரத்தம் அரக்கு நிறத்தில் அடங்கிக் கிடந்தது. அதற்கு மேலே, வைக்கோல் ஊறிய தண்ணீர்போலத் தெளிவாக நிற்கவேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒன்று நின்றது. கறந்து வைத்த பால் போல, அசைத்தால் ஆடை கட்டும் போல.

முனிலட்சுமிக்கு முதலில் பயம் வரவில்லை. இருபத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவனுக்குள் இப்படி ஒரு வெள்ளை இருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் இருந்தது. தன் வீட்டிலேயே தான் பார்க்காத ஓர் அறை இருந்து, யாரோ வந்து அதன் கதவைத் திறந்து காட்டிவிட்டுப் போனது மாதிரி.

"இன்னா சார் இது, பாலு மாதிரி?"

"கொழுப்பும்மா. சக்கரை இருக்கறவங்களுக்குச் சில பேருக்கு இப்படி ரத்தத்துல கொழுப்பு ஏறும். இவருக்கு ரொம்ப ஏறிக் கெடக்குது. நான் இத்தினி வருசத்துல நாலஞ்சு பேருகிட்டதான் இப்படிப் பாத்திருக்கறன்."

சென்றாயன் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குழாயில் இருப்பது வேறு யாருடைய ரத்தமோ என்பது போல.

அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறான். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஊர்கிற கிரேன். அதில் தொங்குகிற கூண்டுக்குள் உட்கார்ந்து, உருக்கிய இரும்பைக் கொப்பரையோடு தூக்கி, கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய், ஆட்கள் நிற்கிற இடத்தில் இறக்கி, அச்சுகளில் சாய்த்து ஊற்ற வேண்டும். அந்தக் கொப்பரையை அங்கே லேடில் என்பார்கள். தை மாதம் பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் கூண்டுக்குள் அவனுக்குத் தலை சுற்றியது. லேடில் அப்போது காலியாக இருந்தது. கீழே நின்று கையால் சிக்னல் காட்டுகிற ஆஞ்சப்பன், லேடில் தாறுமாறாக ஆடியதைப் பார்த்துவிட்டு மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டான்.

கம்பெனி டாக்டர் பெங்களூர்க்காரர். வாரத்தில் இரண்டு நாள் வருவார். சென்றாயனை ஒரு வாரம் தரையில் உட்கார வைத்து, மாத்திரையை மாற்றி, தலைசுற்றல் நின்ற பிறகுதான் மறுபடி ஏறவிட்டார். ரத்தத்தை முழுசாகச் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார். மூன்று மாதம் தவணை. அதற்குள் ரத்தம் சரிப்படாவிட்டால் கிரேனிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

இறங்குவது என்ற வார்த்தை சென்றாயனுக்கு எவ்வளவு கனம் என்று முனிலட்சுமிக்குத் தெரியும். அவனுடைய அப்பன் கிருஷ்ணகிரி அணை கட்டும்போது கல் சுமந்தவர். அவருடைய அப்பன் பண்ணையில் ஏர் பிடித்தவர். எல்லாரும் குனிந்தே இருந்தவர்கள். வம்சத்தில் முதல்முறையாக, மற்றவர்களின் தலைக்கு மேலே உட்கார்ந்து வேலை செய்தவன் சென்றாயன்தான்.

*

அணைப் பூங்காவுக்குப் போகிற சாலையோரத்தில் வரிசையாக மீன் பொரிக்கிற கடைகள். நான்காவது கடை முனிலட்சுமியுடையது. கூரைக்கு நாலு தகரம், முன்னால் ஒரு பலகை, பலகையின்மேல் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தடவிய கட்லாத் துண்டுகள், முழு ஜிலேபி மீன்கள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வண்டிகள் வந்து நிற்கும். மற்ற நாளில் உள்ளூர் வாடிக்கைக்காரர்களும் காற்றும் தண்ணீரும் நாய்களும்தான். மத்தியானத்தில் அணையின் தண்ணீர் ஈயம் போல் கிடந்து, பார்த்துக்கொண்டே இருந்தால் அது தன்னை நோக்கி நகர்ந்து வருவது போல் இருக்கும். அப்படிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கம்.

பக்கத்துக் கடை சரசம்மா கர்நாடகத்து மாலூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம், வியாபாரத்துக்குத் தமிழ்.

"முனிக்கா, ரத்தத்துல கொழுப்பாமே உங்க ஊட்டுக்காரருக்கு?"

"ஆமா சரசு. பாலு மாதிரி நிக்குது."

"ரத்தத்துல மட்டுந்தானா? போன தீவாளிக்கி என் புருசன்கிட்ட பேசுன பேச்சுக்கு ஒடம்பு பூராவும்ல கொழுப்பு இருக்கணும்? இதுக்கு ஊசி குத்திப் பாக்கணுமா? என்னைக் கேட்டிருந்தா சும்னே சொல்லியிருப்பனே."

முனிலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சென்றாயன், கடையைத் தாண்டி நேராக வீட்டுக்குப் போய்விட்டான். அவள் கடையைச் சரசம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். கால்வாய்க் கரையோரம் அவர்கள் வீடு. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, டாக்டரு இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு. மாத்தரய உடாம துண்ணணும். நடக்கணும். வாயக் கட்டணும்."

"அப்பறம்?"

அவன் சட்டைப் பையிலிருந்த சில்லறையை எடுத்து மாடத்தில் வைத்தான். பிறகு டாக்டரின் குரலிலேயே சொன்னான். "மீனெண்ணெ ஒள்ளேது."

"மீனெண்ணெ நல்லதாமா?"

"ரத்தத்துல இருக்கற கொழுப்ப மீனெண்ணெ கொறைக்குமாம்."

அவ்வளவுதான். துண்டை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குக் குளிக்கப் போய்விட்டான். அவர்களுடைய பேச்சு எப்போதும் இந்த அளவுதான். மகள் காவேரி பாகலூருக்குக் கல்யாணமாகிப் போன பிறகு இன்னும் சுருங்கிவிட்டது. கம்பெனி பஸ் தினமும் விடியற்காலையில் அவனை ஏற்றிக்கொண்டு போய், தினமும் கொஞ்சம் குறைவாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது என்று அவளுக்குத் தோன்றும். சோற்றைப் போட்டுவிட்டு அவள் வேறு வேலை பார்ப்பாள். அவனும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவான்.

இன்றைக்கு ஒரு வார்த்தையைக் கொண்டுவந்திருக்கிறான். அதுவும் அவள் கையிலிருக்கிற வார்த்தை. மீன். எண்ணெய்.

*

மறுநாள் காலையில் அடுப்பு மூட்டும்போது அவள் அதை யோசித்துப் பார்த்தாள். பதினோரு வருஷமாக மீன் பொரிக்கிறாள். கட்லாவின் வயிற்றுத் துண்டைச் சட்டியில் போட்டால் எண்ணெய் குறையாது, கூடும். பொரிகிற மீனிலிருந்து கொழுப்பு உருகி இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஓரத்தில் பொன் வளையம் போல் விரியும். மீனுக்குள் இருந்த எண்ணெய் வேறு எங்கே போகும்? சட்டியில்தானே தங்கும்? அப்படியானால் காலையிலிருந்து பொழுது சாயும் வரை நாற்பது மீன் இறங்கிப் போன சட்டியில் மிச்சமிருப்பது கடலை எண்ணெய் அல்ல. அது மீனெண்ணெய்.

இத்தனை நாளாக அதைச் சாக்கடையோரம் கொட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது.

சாயங்காலம் சட்டியை ஆறவைத்து, எண்ணெயைத் துணியில் வடிகட்டிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினாள். மசாலாத் துகள் அடியில் படிந்ததும் மேலே செம்பொன்னாக, பழைய தேன் மாதிரி நின்றது.

"இன்னாக்கா, எண்ணெய பாட்டில்ல புடிக்கற?" சரசம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஊட்டுக்காரருக்கு. டாக்டரு சொன்னாரு."

"டாக்டரு எண்ணெ குடிக்கச் சொன்னாரா? எங்க பக்கத்துல குடிகாரனுங்க சாராயத்தத்தான் எண்ணெம்பானுங்க. நல்லாக் கேட்டுக்கினு வந்தாரா உங்க ஊட்டுக்காரரு?"

"மீனெண்ணெடி. ரத்தத்துக்கு நல்லது."

"அவுனா, அப்பிடியா?" சரசம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "கலரு நல்லாத்தான் இருக்குது."

சென்றாயன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, கேழ்வரகுக் களி உருண்டையின் நடுவில் அவள் விரலால் குழி செய்தாள். பாட்டிலிலிருந்து இரும்புக் கரண்டியில் சாய்த்து, கரண்டியைத் தட்டுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இன்னா இது?"

"மீனெண்ணெ."

அவன் கரண்டியைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு நேரம் அவன் தன் முகத்தைப் பார்த்தது கடைசியாக எப்போது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் அவன் மெல்ல வலது கையைத் தூக்கி, ஒரு விரலைக் கீழே காட்டி, காற்றில் சுழற்றினான்.

"இன்னா மாமா, கைய சுத்தற?"

"எறக்குன்னு அர்த்தம். லேடில எறக்கறதுக்கு ஆஞ்சப்பன் இப்படித்தான் காட்டுவான். அங்க நான் மேல இருக்கறன், அவன் கீழ. இங்க நீதான் கிரேனு."

அவள் கரண்டியை இறக்கினாள். அவன் உள்ளங்கையைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினான். சாய்த்து ஊற்றினாள். செம்பொன் எண்ணெய் களிக்குழியில் இறங்கி நிறைந்தது.

"நிறுத்தறதுக்கு?"

"முஷ்டிய மடக்கணும். மடக்கிட்டா லேடிலு எங்க இருந்தாலும் அங்கயே நின்னுடணும். அணுவளவு நகரக் கூடாது."

ஆனால் அவன் முஷ்டியை மடக்கவில்லை. கரண்டி காலியாகும் வரை ஊற்றினாள்.

*

மாசி போய்ப் பங்குனி வந்தது. மாமரங்கள் பூத்து ஊரெல்லாம் புளிப்பும் இனிப்புமாக ஒரு மணம் அலைந்தது. அந்த நாட்களை நினைத்தால் முனிலட்சுமிக்கு நீருக்கடியில் நடந்தது போல் இருக்கும். சத்தமே இல்லாமல், எல்லாம் மெதுவாக, வெளிச்சம் மேலேயிருந்து கரைந்து இறங்க.

பொழுது சாயும்போது அவள் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கால்வாய்க் கரையில் வீட்டுக்கு நடப்பாள். அவன் வந்திருப்பான். களி கிளறும்போது பக்கத்தில் வந்து உட்காருவான். கரண்டி தட்டுக்கு மேலே நிற்கும்போது அவன் கை எழும். இறக்கு. சாய். இருவரும் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு வரும்.

"மேலேருந்து பாத்தா எப்பிடி மாமா இருக்கும்?"

"மேலேருந்து பாத்தா எல்லார் தலையுந்தான் தெரியும். எவனுக்கு வழுக்க உழுதுன்னு அவன் பொண்டாட்டிக்கு முன்ன எனக்குத் தெரியும்."

"நெருப்பு?"

"லேடிலு நகரும்போது கொட்டாய் பூரா வெளிச்சமாய்டும். கீழ நிக்கறவன் ஒவ்வொருத்தன் மேலயும் அந்த வெளிச்சம் பட்டுட்டுப் போவும். பட்டுட்டு அணையும். மறுபடி அடுத்தவன். நான் எல்லாத்தயும் இட்டுக்கினு போறாப்புல இருக்கும், முனி."

முனி என்று அவன் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் களித் துடுப்பைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனாள்.

பங்குனிக் கடைசியில் அவனுடைய முழங்கையில் சின்னச் சின்னதாக மஞ்சள் கொப்புளங்கள் கிளம்பின. வேர்க்குருவைவிடப் பெரிது, ஒவ்வொன்றும் கம்பு மணியளவு. கிள்ளினால் வலிக்கவில்லை. அவள் விளக்கைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். மஞ்சளாக, மெழுகு போல.

"கொழுப்பு வெளிய வருது மாமா! மீனெண்ணெ அதைத் தொரத்துது பாரு!"

அவன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். வயிற்றின் மேல்பக்கம் ஒரு வலி வந்து வந்து போவதையும் அவன் அப்போது சொல்லவில்லை.

அவளும் கேட்டிருக்கலாம். கம்பெனி டாக்டர் எப்படிச் சொன்னார், எவ்வளவு சொன்னார், எந்த மீன் என்று. கங்கப்பனிடமாவது ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம். சரசம்மாகூட ஒருநாள், "என்னவோக்கா, பொரிச்ச எண்ணெ ஒடம்புக்கு ஆவாதுன்னு என் மாமியா சொல்வா," என்றாள். அன்று முனிலட்சுமி அவள்மேல் எரிந்து விழுந்தாள். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று பின்னால் யோசித்தபோது அவளுக்குப் புரிந்தது. கேட்டால் யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்திருக்கிறாள். கரண்டி தட்டுக்கு மேலே நிற்கிற அந்த ஒரு கணம் தன்னிடமிருந்து போய்விடுமோ என்று.

*

சித்திரையில் இரண்டாவது முறை ரத்தம் கொடுத்தார்கள்.

கங்கப்பன் குழாயை ஜன்னலுக்கு நேரே தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. இந்தத் தடவை பால் இல்லை. ஏடு. குழாயைச் சாய்த்தபோது அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிந்தது.

"இன்னாம்மா குடுக்கற இவருக்கு?"

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். "தெனம் ரெண்டு கரண்டி மீனெண்ணெ சார்."

"ரெண்டு கரண்டியா? எந்தக் கடையில வாங்கற?"

"எதுக்கு வாங்கணும்? என் சட்டியிலயே எறங்குதே."

கங்கப்பன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். ஒரு சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டினார். "இதைக் கொண்டுபோய் ஒடனே டாக்டருகிட்ட குடுங்க. நீயும் கூடப் போம்மா. கண்டிப்பாப் போ."

அவள் முதல்முறையாக அந்தத் தொழிற்சாலைக்குள் போனாள். மருந்து அறையில் டாக்டர் சீட்டைப் படித்தார். முழங்கையை அமுக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கியபோது சென்றாயன் முகத்தைச் சுளித்தான். பிறகு அவர் அவளிடம் எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். சட்டி, பாட்டில், கரண்டி, களியில் குழி. சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"அம்மா, அது மீனெண்ணெய் இல்லை," என்றார் டாக்டர் தன் கன்னடத் தமிழில். "அது பொரிச்ச எண்ணெ. நாள் பூரா காய்ஞ்சு கெட்ட எண்ணெ. அதுதான் ரத்தத்துல போய் நிக்குது. இன்னும் கொஞ்சம் ஏறினா வயித்துக்குள்ள இருக்கற கணையம்கிற உறுப்பு வெந்து போகும். ஆளே போயிடலாம்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சீசாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல் நுனி அளவில், நீளவாட்டில், பொன்னாகத் தெளிந்து, உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நகர்ந்தது.

"இது. கடல் மீனோட எண்ணெ, குளிர்ந்த கடல்ல இருக்கற மீன். இதுகூடச் சர்க்கரைக்கு மருந்தில்லை. ஒரு வகைக் கொழுப்பைக் குறைக்கும். இன்னொரு வகையைக் குறைக்காது, கொஞ்சம் ஏத்தினாலும் ஏத்தும்னு சொல்றாங்க. மாத்திரை, நடை, சாப்பாடு, எல்லாத்துக்கும் அப்புறம்தான் இது. அன்னிக்கே இவர் கையில குடுத்துக் காட்டினேனே. சீட்டுல பேரும் எழுதிக் குடுத்தேனே."

முனிலட்சுமி திரும்பிப் பார்த்தாள். சென்றாயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே அவனைக் கிரேனிலிருந்து இறக்கி, சாமான் ஸ்டோர் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவன் ஸ்டோருக்குக் கையெழுத்துப் போடப் போன நேரத்தில், அவள் வார்ப்படக் கொட்டகையின் பெரிய கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே இருட்டு. இருட்டின் உச்சியில் ஒரு கூண்டு நகர்ந்தது. அதற்குக் கீழே ஒரு சூரியன் தொங்கிக்கொண்டு வந்தது. அவன் சொன்ன மாதிரியேதான். ஒவ்வொரு ஆளாக வெளிச்சம் பட்டு அணைந்தது. கீழே குள்ளமான ஒருவன், ஆஞ்சப்பனாகத்தான் இருக்க வேண்டும், விரலைச் சுழற்றினான். சூரியன் இறங்கியது. பிறகு அவன் முஷ்டியை மடக்கினான்.

அத்தனை நெருப்பும் அந்தரத்தில் நின்றது.

*

பஸ் சூளகிரியைத் தாண்டியது. இரண்டு பக்கமும் மாந்தோப்புகளில் காய் தொங்கியது. காற்று சுட்டது.

"ஒனக்குத் தெரியும்," என்றாள்.

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாத்தரன்னு ஒனக்கு மொத நாளே தெரியும். நான் ஊத்தும்போது முஷ்டிய மடக்கியிருந்தா நின்னிருப்பன் இல்ல? நீதான மாமா சொல்லிக் குடுத்த?"

"மடக்கலாம்னுதான் கையத் தூக்கனன்." அவன் குரல் பஸ் சத்தத்தில் அமுங்கி வந்தது. "நீ கரண்டியப் புடிச்சிக்கினு என் தட்டயே பாத்துக்கினு நின்ன. எத்தினி வருசம் ஆச்சு நீ என் தட்டப் பாத்து. கையி வேற மாதிரி சுத்திடுச்சி. ஒரு நாளைக்கி ஊத்தட்டும், நாளைக்கிச் சொல்லிக்கலாம்னு இருந்தன். நாளைக்கிச் சொன்னா நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்ப. அப்பிடியே போய்டுச்சி."

இதைக் கேட்டால் மனம் இளக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இளகவும் செய்தது. ஆனால் இளகிய இடத்திலிருந்து வேறொன்று கொதித்து வந்தது.

"என் கையால ஒனக்கு வெசம் ஊத்த வெச்சிட்ட. தெனம் தெனம் ஊத்த வெச்ச. நீ செத்திருந்தா, பொண்டாட்டி ஆசையா எண்ணெ ஊத்திக் கொன்னான்னு ஊரு பேசும். அதுகூடப் போவட்டும். அந்த லேடிலு கீழ நின்னாங்களே நாலு பேரு. மேல இருக்கறவனுக்கு வயித்துல வலின்னு அவங்களுக்குத் தெரியுமா? அவங்க ஊட்டுலயும் தட்டப் பாத்துக்கினு ஒருத்தி நிப்பா இல்ல?"

முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தான். சென்றாயன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "தப்புதான், முனி," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதன் பின்னால் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டினாள். பாட்டிலில் இருந்ததைக் கவிழ்த்தாள். செம்பொன்னாக இறங்கியது. மண் அதை மெதுவாகக் குடித்தது. குடித்து முடிக்கிற வரை அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சரசம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் ஒரு கேலியும் பேசவில்லை.

*

ஐப்பசியில் அணை நிரம்பி மதகைத் திறந்துவிட்டார்கள். இரவும் பகலும் தண்ணீரின் இரைச்சல். நுரை பொங்கி விழுகிற இடத்திலிருந்து எழும்பிய சாரல் மீன் கடைகள் வரை வந்து, எண்ணெய்ச் சட்டியில் விழுந்து சடசடத்தது.

சென்றாயன் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறான். கூண்டில் இப்போது ஆஞ்சப்பன் உட்காருகிறான். முதல் ஒரு மாதம் சென்றாயன் வார்ப்படக் கொட்டகைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனதாக அவளிடம் சொன்னான். பிறகு ஒருநாள் உள்ளே போய் நின்றானாம். லேடில் வெளிச்சம் அவன்மேலும் பட்டுவிட்டுப் போனதாம். அதைச் சொல்லும்போது அவன் சிரித்தானா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சொன்னான், அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டாள்.

காலையில் கால்வாய்க் கரையில் இருவரும் நடக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் கொஞ்சம் குடிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டான். களி பாதி உருண்டைதான். மீன் பொரிக்காமல் குழம்பில் வருகிறது. மூன்றாவது தடவை கங்கப்பன் குழாயைத் தூக்கிப் பிடித்தபோது பால் இல்லை. அரிசி களைந்த தண்ணீர் போல மங்கலாக இருந்தது.

"கொழுப்பு நல்லா கொறைஞ்சிருக்குதும்மா."

"ரத்தத்துல கொறைஞ்சிருக்கும் சார். வாயில கொறையல," என்றாள் முனிலட்சுமி. சென்றாயன் சிரித்தான். சீட்டைப் பார்த்த டாக்டரும், எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது, இதில் அந்தப் பொன் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். கிரேனைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. சென்றாயனும் கேட்கவில்லை.

அந்த மாத்திரையில் ஒன்றை முனிலட்சுமி ஒருநாள் கடித்துப் பார்த்திருக்கிறாள். பல்லுக்கடியில் வெடித்து, நாக்கில் குளிர்ச்சியாகப் பரவியது. அவளுடைய சட்டியின் மணம் அதில் இல்லை. அணை மீனின் சேற்று மணமும் இல்லை. உப்பும் இரும்பும் கலந்த மாதிரி, எங்கோ வெகுதூரத்தில் திறந்து கிடக்கிற ஒன்றின் மணம். கடலை அவள் பார்த்ததில்லை. அன்று முழுக்க அந்த மணம் தொண்டையில் இருந்தது. வாடிக்கைக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் அவள் தாமதமாகப் பதில் சொன்னாள்.

இன்று சாயங்காலம் மழை விட்டு, மேற்கே மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். அவன் சீக்கிரம் வந்து குளித்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். களி, கீரை, குழம்பில் ஒரு துண்டு மீன். அவள் சீசாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். இத்தனை மாதமாக அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவனும் எடுத்துப் போட்டுக்கொள்வான். இன்று என்னவோ வைக்காமல் நின்றாள். இரண்டு விரலில் பிடித்த மாத்திரைக்குள் மேற்கு வெளிச்சம் புகுந்து, சின்னதாக எரிந்தது.

சென்றாயன் நிமிர்ந்து பார்த்தான். அவன் வலது கை தயங்கித் தயங்கி எழுந்தது. ஒரு விரல் கீழே காட்டிச் சுழன்றது.

அவள் இறக்கினாள். மெதுவாக, ஆடாமல், கீழே நாலு பேர் நிற்பது போல.

களிக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் அவன் முஷ்டியை மடக்கினான். அவள் நின்றாள். வெளியே மதகின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவனும் அசையவில்லை, அவளும் அசையவில்லை. அப்புறம் அவன் முஷ்டியைத் திறந்து நீட்டினான். காய்ப்பு உதிர்ந்து மிருதுவாகிக்கொண்டிருந்த அந்த உள்ளங்கையில் அவள் மாத்திரையை வைத்தாள்.